வெள்ளி சுத்தம், பேரரசு காலி!

ரொம்ப நாளா பொறுத்துப் பார்த்தாச்சு மக்களே, இன்னிக்கு முடியல. ஆபீஸ் வாட்ஸப் குரூப்புல நண்பர் ஒருத்தர் மறுபடியும் அதே ஃபார்வர்டைத் தட்டிவிட்டிருக்கார். மொகலாயர்கள் வெள்ளி ரூபாயில செம்பைக் கலந்தாங்களாம், பணம் செல்லாக்காசாச்சாம், பேரரசு கவிழ்ந்துச்சாம். கீழே வரிசையா கைதட்டல் வேற.

சாமி, அந்தக் காசை ஒரு தடவை எடை போட்டாவது பார்த்தீங்களா?

ஷேர்ஷா காலத்துல ஆரம்பிச்ச ரூபாய், சுமார் பதினொன்றரை கிராம். 1707ல ஔரங்கசீப் போய்ச் சேர்ந்தப்புறம் டில்லியில நடந்தது மியூசிக்கல் சேர். 1719 ஒரு வருஷத்துல மட்டும் சிம்மாசனம் நாலு பேரைப் பார்த்துச்சு. மூணு மாசம் உட்கார்ந்த ரஃபி உத் தரஜாத் பேர்லகூட ரூபாய் இருக்கு. எடை? அதே. வெள்ளி? பொதுவா 95 சதவீதத்துக்கு மேல.

ராஜா யோக்கியன்னு இல்லை, ஏமாத்த முடியாது, அவ்ளோதான். யார் வேணா வெள்ளியை நாணயச்சாலைக்குக் கொண்டுபோய், கூலி கட்டி, காசா அடிச்சுக்கலாம். வெளியே சராப்புகள் தராசும் உரைகல்லுமா உட்கார்ந்திருப்பாங்க. தரம் குறைஞ்சா அன்னிக்கே வட்டம் பிடிச்சிருவாங்க. ஏன், நல்ல காசுக்கே, அடிச்ச வருஷம் பழசாயிருச்சுன்னு வட்டம் பிடிச்ச கில்லாடிங்க. வங்காளத்துல ஜகத் சேட் குடும்பம் இதுலயும் நல்லாவே சம்பாதிச்சாங்க.

இப்போ ஆட்டோமான்காரங்க கதைக்கு வாங்க. 1585-86ல அவங்க ஆக்சேங்கிற வெள்ளிக்காசுல கையை வெச்சாங்க. 100 திர்ஹம் எடை வெள்ளியில 450 காசு அடிச்சிட்டிருந்தவங்க 800 அடிச்சாங்க. அந்தக் காசுல சம்பளம் வாங்கின ஜானிசரி படை சும்மா விடுமா? 1589ல அரண்மனைக்கே வந்து ருமேலியா கவர்னர் தலையைக் கேட்டுச்சு. சுல்தான் மூன்றாம் முராத் குடுத்துட்டார். ஃபார்வர்டு கணக்குப்படி அத்தோட பேரரசு முடிஞ்சிருக்கணும். ஆனா 1922 வரைக்கும், 330 வருஷத்துக்கு மேல ஓட்டினாங்க! சுத்தமா காசு அடிச்ச டில்லியோ, ஔரங்கசீப் செத்து நூறு வருஷம் ஆகறதுக்குள்ள, 1803ல கம்பெனி கைக்குப் போயிருச்சு.

அப்போ வீழ்ச்சி எங்கே தெரியுது? உலோகத்துல இல்லை, எழுத்துல. காசை அடிச்சது யார், அதுல பேர் யாரோடது, அதைப் பாருங்க. பாதுஷா பேர்ல அவத் நவாப் அடிச்சார் (1819 வரைக்கும்!), மராட்டியர் அடிச்சாங்க, 1736லேர்ந்து பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரன் ஆற்காடு ரூபாய் அடிச்சான். 1788ல இரண்டாம் ஷா ஆலமோட கண்ணையே பிடுங்கினாங்க. மங்கலமான ஆட்சி வருஷம்னு காசு பாட்டுக்கு வந்துட்டே இருந்துச்சு. வட்டத் தொல்லையை ஒழிக்க வங்காளத்துல கம்பெனி அவரோட 19வது வருஷத்தையே எல்லாக் காசுலயும் போட்டான். நம்ம பாஷையில ஹார்ட்கோட். மனுஷன் 1806ல செத்தார், காசுல 1835 வரைக்கும் 'ஆட்சி' பண்ணார்.

எங்க ஆயா சுருக்குப்பையிலேர்ந்து எனக்கு வந்த ஆற்காடு ரூபாயும் இதே ஜாதிதான். மெட்ராஸ்ல கம்பெனி மெஷின்ல அடிச்சது. பேர் இரண்டாம் ஆலம்கீர், வருஷம் ஹிஜ்ரி 1172. அவரை 1759லயே கொன்னாச்சு, இந்த மெஷின் காசு வந்ததே 1807க்கு அப்புறம்! நகைக்கடையில உரசிப் பார்த்துட்டு, "நல்ல வெள்ளி தம்பி, உருக்கிரலாமா?"ன்னார். பிடுங்கிட்டு ஓடி வந்தேன்.

பிற்காலத்துல சில ஊர் நாணயச்சாலைகள்ல தரம் இறங்கலையான்னு பின்னூட்டத்துல யாராவது மடக்குவீங்க, தெரியும். இறங்குச்சு. ஆனா அது டில்லி பிடி விட்டுப்போன அப்புறம். காய்ச்சல் வந்ததால கொசு கடிச்சுதுன்னு எழுதறவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல :-)