மூட்டு வாதமும் எழுத்து வாசனையும்

காவிரிக் கரையிலுள்ள மோகனூர், நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888-ஆம் வருஷத்தில் பிறந்த ஊர் என்பதை நேயர்கள் அறிவார்கள். கரும்பும் வாழையும் விளையும் அப்பிரதேசத்தில் நாளெல்லாம் குனிந்து களை பறிக்கும் ஸ்திரீகளுக்கு முழங்காலும் விரல்களும் நோவெடுப்பது அதிசயமல்ல. அந்த நோவுக்கென்று அவர்கள் கையில் கொடுக்கப்படும் மருந்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்களில் பலர் வாசிக்க முடியாதிருப்பதும், அதை ஒரு பெரிய விஷயமாக நம்மவர் கருதாதிருப்பதுமே அதிசயம்.

2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலுமான ஆண்களில் 100-க்குச் சுமார் 87 பேரும், பெண்களில் சுமார் 73 பேரும் எழுத்தறிந்தவர்கள். பள்ளிச் சிறுமியரும் இக்கணக்கில் சேர்ந்தவர்களே. வயது முதிர்ந்த கிராமத்து ஸ்திரீகளை மட்டும் தனியே பிரித்தால் விகிதம் எவ்வளவு இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முடக்கு வாதமோ ஆண்களைக் காட்டிலும் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கிறது. எழுத்து வாசனை எங்கே குறைவோ அங்கேயே நோயும் அதிகமாகக் குடியிருக்கிறது.

இதனால் விளையும் அபாயத்துக்கு ஒரே ஓர் உதாரணம் கூறுவோம். முடக்கு வாதத்துக்கு வைத்தியர்கள் முதன்மையாகக் கொடுக்கும் மருந்து மெதோட்ரெக்சேட். சரியாகச் சாப்பிட்டால் மூட்டுக்களைக் காப்பாற்றும் இம்மருந்தை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறித் தினந்தோறும் சாப்பிட்டு வந்தால், வாய் புண்ணாகி, இரத்தத்தின் அணுக்கள் குன்றி, உயிருக்கே ஆபத்து நேரிடும். மருந்துக் கடைகள் பலவற்றில் கொடுக்கும் காகித உறையைப் பாருங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள் அச்சிட்டிருக்கும். வாரம் ஒரு நாள் என்பதற்குக் கட்டம் கிடையாது! அட்டையின் பின்புறத்து எச்சரிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருக்கும். இத்தோடு கொடுக்கும் போலிக் அமில மாத்திரையின் நாள் கணக்கு வேறு. இரண்டையும் மாற்றிச் சாப்பிட்டவளைப் புத்தியில்லாதவள் என்று ஏசுவது நியாயமாகுமா?

நியாயஸ்தலத்தில், ஒருவருக்கு விளங்காத பாஷையில் ஒப்பந்தத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கினால், அதைப் படித்துக் காட்டிப் பொருள் சொன்னீர்களா என்று நீதிபதி கேட்பார். வைத்தியசாலையில் அக்கேள்வியைக் கேட்பாரில்லை. 2016-ஆம் வருஷத்தில் இந்திய மருத்துவக் கவுன்சில், மருந்துகளின் பெயரை வைத்தியர்கள் தெளிவாகவும், கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துக்களிலும் எழுத வேண்டும் என்று விதித்தது. நல்ல விதியே, ஆயினும் அதனால் பயனடைபவர் கடைக்காரரேயன்றி நோயாளியல்லர். 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் 300 பெயர் கொண்ட மருந்துகளின் மேல் கைபேசியால் படிக்கும் சித்திரக் குறி இட வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. கைபேசியில் தோன்றுவதும் எழுத்துத்தானே!

எல்லாவற்றையும் தமிழில் அச்சிட்டுவிட்டால் போதும் என்பாரும் உளர். தமிழில் அச்சிட வேண்டும் என்பதில் நமக்கு அணுவளவும் சந்தேகமில்லை. ஆனால் எந்தத் தமிழில்? 'வாதம்' என்ற சொல்லைக் கேட்டதும் கிராமத்தார் பக்கவாதத்தை நினைத்து நடுங்குகிறார்கள். 'எலும்புத் தேய்மானம்' என்பது இன்னும் பொல்லாத சொல். தேய்ந்துபோன வண்டி அச்சை ஓட்டினால் மேலும் தேயும் அல்லவா? ஆகையால் நடந்தால் மூட்டு இன்னும் தேயும் என்றெண்ணி மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உண்மையோ நேர்மாறு. அளவோடு நடப்பதும், தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் முழங்கால் நோவைக் குறைக்கும். சும்மா இருப்பதே தசையை மெலிவித்து நோவை வளர்க்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவரையும் ஒரு சொல் இவ்வாறு ஏமாற்றுகிறது.

இது நம் தேசத்துக்கு மட்டும் நேர்ந்த குறையென்று தலைகுனிய வேண்டாம். 1872 முதலே கட்டாயக் கல்விச் சட்டம் உள்ள ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்து முடக்கு வாத நோயாளிகளைச் சோதித்து 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சுமார் ஆறு பேரில் ஒருவர் மருத்துவக் குறிப்புக்களைப் படித்தறிய இயலாதவர் என்று கண்டார்கள். அங்கும் இங்கும் மனிதர் வெட்கம் ஒன்றே. "கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்" என்று சொல்லித் தலையாட்டிவிட்டுப் போகிறவர் எத்தனை பேர்!

முதலில் எல்லோருக்கும் எழுத்தறிவு தருவோம், பிறகு இதைக் கவனிக்கலாம் என்பது ஒரு வாதம். 1990-களில் நடந்த அறிவொளி இயக்கத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் முடக்கு வாதம் தொடங்கிய முதல் இரண்டு வருஷங்களுக்குள்ளாகவே மூட்டெலும்பை அரிக்கத் தலைப்படுகிறது. அரிச்சுவடி முடியும்வரை அது காத்திராது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும் என்ற செய்தி, வாய்மொழியாகவே ஊருக்குள் செல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த கேட் லோரிக் என்ற அம்மையார், 1970-களின் இறுதியில், மூட்டு நோயாளிகளுக்கு அந்நோயுள்ள சாமானியரையே ஆசிரியராக்கும் முறையை ஆரம்பித்தார். நம் நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், பெண் தொண்டர்களை வீட்டு வாசலுக்கே அனுப்பியது. தசைப் பயிற்சியும் அதில் சேர்ந்திருந்தது. அப்படிப்பட்டவர்கள், மாத்திரையைக் கொடுத்தபின், "எந்த நாளில் சாப்பிடுவீர்கள், அம்மா?" என்று கேட்டு, பதிலை அவள் வாயாலேயே வரவழைக்க வேண்டும். செவ்வாய் என்று சொல்வதைவிடச் சந்தை நாள் என்று சொன்னால் அவள் மறக்கமாட்டாள்.

உறையில் நான்காவது கட்டம் ஒன்றை அச்சிட்டு, அதில் அந்த நாளைக் குறிக்கும்படி சர்க்கார் ஓர் உத்தரவு போடுவதற்குப் பெரிய பொருட்செலவு ஒன்றும் ஆகாது. 2022-ல் நாமக்கல்லில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருந்தகத்திலேயே இதை ஆரம்பிக்கலாம். மோகனூர்ப் பக்கத்துத் தேசத் தொண்டர்கள் அதுவரை காத்திராமல், தங்கள் தெருவில் மூட்டு நோவென்று மருந்து வாங்கும் ஒவ்வொரு வீட்டிலும் அந்த உறையை வாங்கிப் பார்த்து, படித்துச் சொல்லிவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.