சாவி கையில் வந்தால் போதுமா?

வெள்ளிக்கிழமை இரவு ஈ.டி.எஸ். இரயிலில் ஏறிச் சுங்கை பட்டாணியில் இறங்கி, சுங்கை லாலாங்கில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை காலை அம்மா சுட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டு மதியம் வரை தூங்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். ஆனால் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. என் சித்தி மகளும் அவளோடு படிக்கும் நான்கு பேரும் தரையில் மாஜோங் தாளை விரித்து வைத்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, நாளைக்கு பிரசெண்டேஷன். நீங்க வானொலியில விவாதம் எல்லாம் நடத்துறீங்கதானே? எங்களுக்கும் கொஞ்சம் நடத்திக் கொடுங்க" என்றாள். கெடாவில் ஞாயிறு வேலை நாள் என்பதை கோலாலம்பூரில் இருந்து இருந்து மறந்தே போயிருந்தேன்.

தலைப்பு: அனைத்துலக டர்ன்கீ திட்டங்கள். ஊடகம் படித்த எனக்கு அது புதிது. தங்கைதான் விளக்கினாள். ஒரு மின் நிலையமோ தொழிற்சாலையோ வேண்டும் என்றால், வடிவமைப்பு ஒருவர், கட்டுமானம் ஒருவர், இயந்திரம் ஒருவர் என்று பிரித்துக் கொடுக்காமல், எல்லாவற்றையும் ஒரே குத்தகையாளரிடம் ஒரே விலைக்கு ஒப்படைப்பது. கடைசி நாளில் உரிமையாளர் சாவியைத் திருப்பினால் எல்லாம் ஓட வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர்.

"நேத்து நீங்க வந்த தண்டவாளமே அதுக்குச் சொந்தக்காரன் மாதிரிதான்" என்றான் ஒரு பையன். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான 329 கிலோமீட்டர் இருவழி மின்சாரத் தடத்தை, வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தத்தில் எம்.எம்.சி.-காமுடா கூட்டு நிறுவனம் செய்தது. தெற்கே சிரம்பான்-கிம்மாஸ் தடத்தைச் செய்தது இந்திய அரசின் இர்கான் நிறுவனம். தண்டவாளம், பாலம், சமிக்ஞை, மின்கம்பி, நிலையம் எல்லாம் ஒரே கையில். அந்த இரண்டு வேலைகளும் 2014க்குள் முடிந்தன.

குழு ஆய்வுக்கு விரிவுரையாளர் ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் எடுக்க வேண்டும்: உரிமையாளர், குத்தகையாளர், வங்கி, பொறியாளர், பொதுமக்கள். அடுத்த திட்டத்துக்குப் போகும்போது பாத்திரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் குத்தகையாளரைத் திட்டித் தீர்த்தவர், அடுத்த சுற்றில் அதே நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும்!

முதல் திட்டம் பிலிப்பைன்ஸின் பத்தான் அணுமின் நிலையம். மார்க்கோஸ் ஆட்சியில், 1976 இல், அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கட்டத் தொடங்கியது. 621 மெகாவாட். செலவு ஏறிக்கொண்டே போய் 200 கோடி டாலரைத் தாண்டியது. 1986 இல் மார்க்கோஸ் ஆட்சி கவிழ்ந்தது. அதே ஆண்டு செர்னோபில் விபத்தும் நடந்தது. புதிய அரசு நிலையத்தை மூடி வைத்தது. ஒரு விளக்கு எரியும் அளவுக்குக்கூட அது மின்சாரம் கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு வாங்கிய கடனை மக்கள் 2007 வரை கட்டினார்கள்.

"அப்போ டர்ன்கீன்னாலே உரிமையாளருக்கு நஷ்டமா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, அடுத்ததைக் கேளுங்க" என்று இரண்டாவது திட்டத்துக்குப் போனார்கள். பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ 3. அந்நாட்டு மின் நிறுவனம் முன்கூட்டியே உஷாராகி, பிரான்சின் அரேவா, ஜெர்மனியின் சீமென்ஸ் கூட்டணியிடம் சுமார் 300 கோடி யூரோவுக்கு விலையை நிர்ணயித்துவிட்டது. வேலை 2005 இல் தொடங்கியது. 2009 இல் முடிய வேண்டும். வழக்கமான உற்பத்தி தொடங்கியதோ 2023 ஏப்ரலில்! இடையில் இரு தரப்பும் ஒருவர் மீது ஒருவர் இழப்பீடு கேட்டுப் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். கடைசியில் குத்தகையாளர் தரப்பு 45 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டது. அரேவாவுக்குப் பெரிய அடி. உரிமையாளருக்கோ, பணம் ஓரளவு தப்பினாலும் 14 ஆண்டுகள் போய்விட்டன.

வங்கியாக இருந்த பெண் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "ஒரே விலைன்னு எழுதிட்டா ஆபத்து போயிடாதுக்கா. அது யார் தலையில விழும்னுதான் அந்தத் தாள் சொல்லுது." அனைத்துலகப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக், டர்ன்கீ வேலைக்கென்றே 1999 இல் ஒரு மாதிரி ஒப்பந்தம் வெளியிட்டது, வெள்ளி நிற அட்டை என்பதால் சில்வர் புக் என்பார்கள். பெரும்பாலான ஆபத்தை அது குத்தகையாளர் மேல் வைக்கிறது. ஆனால், விலை கேட்கப்படுபவருக்கு எல்லாவற்றையும் அலசிப் பார்க்க நேரமும் தகவலும் இல்லையென்றால் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்தப் புத்தகமே எச்சரிக்கிறது.

அதுவரை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அறைக்குள் போய் ஒரு நெகிழிப் பையை எடுத்து வந்தார். உள்ளே இந்த வீட்டின் வாங்கல் விற்றல் ஒப்பந்தம். 1990களில் தோட்ட வேலை போனபோது கிடைத்த இழப்பீட்டை வைத்து அப்பா வாங்கிய 60,000 ரிங்கிட் வீடு இது. கையெழுத்துப் போட்டு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் சாவி கிடைத்தது. அதுவரை லயத்து வீட்டில், எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயத்தில் இருந்தோம். மேம்பாட்டாளரிடம் கேட்கப் போகும் போதெல்லாம் அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தங்கை பக்கங்களைப் புரட்டினாள். "பெரியம்மா, இங்க இருக்கு பாருங்க. 24 மாசத்துல கொடுக்கணும். தாமதமானா வருஷத்துக்கு 10 விழுக்காடு, நாள் கணக்குல." மாஜோங் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். இரண்டு ஆண்டு தாமதம்: 12,000 ரிங்கிட். அப்பா ஒரு காசும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. இப்போது அவர் இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மாதான் "சரி, சாப்பிடுங்க, ஆறிடும்" என்றார்.

இதை எழுதக் காரணம், இதைப் படிக்கும் உங்களில் பலர் இப்போது முதல் வீடு பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தரை வீட்டுக்கு 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம் என்பது வீட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் மாதிரி ஒப்பந்தத்தில் உள்ள கெடு. சாவி வாங்கிய பிறகும் 24 மாதத்துக்குள் தெரியவரும் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். அப்பா காலத்தில் இல்லாத வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் 2002 முதல் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு வழக்கறிஞர் இல்லாமலேயே அங்கே போகலாம். அதற்கும் காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன், ஒரு சனிக்கிழமை குடும்பமாகத் தரையில் உட்காருங்கள். ஒருவர் வாங்குபவர், ஒருவர் மேம்பாட்டாளர், ஒருவர் வங்கி. வேலை நின்றுபோனால் யார் கட்டுவது, தாமதமானால் யார் கொடுப்பது என்று ஒவ்வொரு பக்கமாகக் கேளுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள்தான் சரியான கேள்வி கேட்பார்கள்.

ஞாயிறு மாலை தங்கை அழைத்தாள். பிரசெண்டேஷன் நன்றாகப் போனதாம். மூன்றாவது திட்டமாக எதைச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். "பெரியப்பா வீடுதான்" என்றாள்.