ரெய்னாவுக்கு ஏன் கை தூக்கவில்லை?

தாம்பரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி இந்தப் பேச்சை எடுத்தால், குரோம்பேட்டை வருவதற்குள் காலரைப் பிடிக்கிறார்கள். 2022 பிப்ரவரி ஏலத்தில், 2 கோடி அடிப்படை விலையில் நின்ற சுரேஷ் ரெய்னாவை நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ் எடுக்காதது துரோகமாம்!

எடுக்காதது சரி என்கிறேன் நான். 2014-ல் பஞ்சாபுக்கு எதிராக 25 பந்தில் 87 அடித்த மனுஷன், மறக்க முடியுமா? ஆனா 2021-ல் 12 மேட்சில் 160 ரன்தானே! அவர் இடத்தில் இறங்கிய உத்தப்பா, டெல்லியுடன் குவாலிஃபயரில் 63 அடித்தார். அவரை அதே 2 கோடிக்கு வாங்கினார்கள். (2022-ல் நாம 9-வது இடம் போனது வேற கதை.)

வயசுதான் காரணம்னு சொல்லாதீங்க. அப்போ ரெய்னாவுக்கு 35, உத்தப்பாவுக்கு 36, ஏலத்தில் திரும்ப எடுத்த பிராவோவுக்கு 38!

எனக்கு இது வெறும் கிரிக்கெட் இல்லை. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டும் அப்பாவுக்கு வயது 52. வருஷா வருஷம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். போன மார்ச்சில், "வயசாயிடுச்சே..." என்று இழுத்திருக்கிறார்கள். "ஜாப்பை அளந்து பார்த்துட்டுச் சொல்லுங்க சார்" என்று அப்பா மைக்ரோமீட்டரை நீட்டினாராம்.

அளந்தார்கள். இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார்கள்.