துருப்பிடித்த ஹெரால்டு: உயிர் கொடுப்பதா? எடைக்குப் போடுவதா?



எங்க வீட்டுப் பின்கட்டில், தறிக் கொட்டகையை ஒட்டி ஒரு பழைய கார் நிற்கிறது. பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எங்க தாத்தா ஒரு பட்டு வியாபாரியிடம் டிரைவராக இருந்தபோது ஓட்டிய வண்டி. அவங்க புது கார் வாங்கினப்போ, "நீயே வச்சுக்கோப்பா" என்று இதைத் தாத்தாவிடம் கொடுத்துட்டாங்க. அது ஓடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்போ பின் சீட்டில் கோழிதான் அடைகாக்குது!

போன மாசம் இந்தக் காரால் வீட்டில் ஒரே சண்டை. "இதை மறுபடியும் ஓட வைக்கணும்" என்றார் தாத்தா. "காயலான் கடையில எடைக்குப் போடுங்க, இடமாவது மிஞ்சும்" என்றார் அப்பா. அக்காவின் காலேஜ் பீஸுக்குச் சேர்த்த பணத்தில் கொஞ்சம் எடுக்கலாமா என்று பேச்சு வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போயிட்டாங்க. யார் சொல்வது சரி? என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஹெரால்டு சாதாரண கார் இல்லை. நமக்குப் பக்கத்தில், வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான கார். மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியைச் சேர்ந்த மிக்கெலோட்டி. முன் பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம்ம பிள்ளையார்பாளையம் சந்துகளுக்கென்றே செய்த மாதிரி! அதனால் தாத்தாவின் ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் ஆசை வேறு, துரு வேறு. அறிவியல் பாடத்தில் படித்தோமே, இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு படலம் உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இரும்பின் துரு அப்படிக் காப்பாற்றாது. அது உதிரும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், மேலும் மேலும் உள்ளே தின்னும். வெளியே ரூபாய் அளவு ஓட்டை தெரிந்தால் உள்ளே தட்டு அளவு போயிருக்கும்.

எனவே துரு எவ்வளவு என்று கேட்பதை விட, எங்கே என்று கேட்பதுதான் முக்கியம். அம்பாசிடருக்குத் தனியாக சேஸ் கிடையாது, அதன் உடம்பேதான் சேஸ். ஹெரால்டுக்குக் கீழே தனி சேஸ் உண்டு, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். கதவு துருப்பிடித்தால் கதவை மாற்றலாம். தரைத் தகடு போனால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்கலாம். சேஸே போனால்? முதுகெலும்பு உடைந்தவருக்குப் புதுச் சட்டை போட்ட கதைதான்.

தாத்தாவின் சிநேகிதர் ஒரு டிங்கர் வந்து பார்த்தார். கையில் ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சுத்தியல், அவ்வளவுதான். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் யாரோ எப்போதோ பட்டி பூசி மறைத்த இடம். பிறகு அடியில் படுத்து சேஸைத் தட்டினார். முன் பக்கம் 'டங்' என்றது. பின் சக்கரங்களுக்கு அருகே 'டப்' என்றது. ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினார், பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கியது. இரண்டு பக்கமும் அப்படித்தான். தாத்தா ஒன்றும் பேசவில்லை.

"பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சு நிறுத்திடலாமே?" என்று சிலர் கேட்பாங்க. நம்ம கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ப் பாருங்க. மணற்கல் அரித்த சிற்பங்களின் மேல் பிற்காலத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசிவிட்டார்கள். எத்தனையோ சிங்கங்களின் பல்லவர் கால முகம் சாந்துக்குள் மறைந்துபோனது. பழுது பார்ப்பது ஒன்று, பூசி மெழுகுவது இன்னொன்று. கோயிலில் போனது அழகு. காரில் பூசி மெழுகினால் போவது உயிர்!

அடுத்து, சரிசெய்து என்ன செய்யப் போகிறோம்? 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. விண்டேஜ் என்று புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், அது 10 வருஷம் செல்லும். ஆனால் சேஸ், பாடி, எஞ்சினை மாற்றி அமைக்காமல் வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் எடுத்துப் போகலாம், தினசரி ஓட்டக்கூடாது. கோவையில் ஜி.டி. கார் மியூசியம், சென்னையில் ஏவி.எம். மியூசியம் போன்ற இடங்களில் பழைய கார்கள் பளபளவென்று நிற்கின்றன. அவர்களிடம் இடமும் பணமும் ஆளும் இருக்கு. நம்மிடம் இருப்பது இரண்டு தறியும் ஒரு அக்காவும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னாங்க?

அப்படியானால் அப்பா சொன்னதுதான் சரியா? அதுவும் இல்லை! எடைக்குப் போட்டால் இரும்பு விலைதான் கிடைக்கும். ஆனால் எங்க ஹெரால்டின் கதவு, கண்ணாடி, எஞ்சின், அந்தப் பெரிய பானெட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கம்பெனி கார் தயாரிப்பை நிறுத்தி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. சேஸ் நல்லா இருந்தும், ஒரு கண்ணாடி கிடைக்காமல் நிற்கும் ஹெரால்டு எங்கோ ஒன்று இருக்கும். நைந்த பட்டுச் சேலையின் பார்டரை எடுத்து வேறு சேலையில் தைப்பதில்லையா? மனிதர்களே உறுப்பு தானம் செய்யும் காலம் இது. காருக்கு என்ன?

எனவே என் முடிவு இது. சேஸ் நல்லா இருந்து, ஆர்.சி. புத்தகம் கையில் இருந்து, ஓட்ட ஆளும் இருந்தால் எந்தப் பழைய வண்டியையும் காப்பாற்றுங்கள். சேஸ் போயிருந்தால் பாகங்களை இன்னொரு வண்டிக்குக் கொடுங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால் மட்டுமே காயலான் கடை. எதுவாக இருந்தாலும் படிப்புப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

இதை வீட்டில் சொன்னபோது தாத்தா ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம், "ஸ்டியரிங்கை மட்டும் கழட்டி எனக்குக் கொடுத்துடுங்கடா" என்றார். அப்பாவே கழட்டிக் கொடுத்தார். இப்போ அது தறிக் கொட்டகைச் சுவரில் தொங்குது. நீங்களும் வந்து பார்க்கலாம்.

சிந்திப்போம், செயல்படுவோம்!



இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்