எச்சரிக்கை வந்தது, அலை வரவில்லை

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. உயிர்ப்புப் பெருவிழா முடிந்து மூன்றாம் நாள். பிற்பகல் 2 மணி 8 நிமிடத்திற்கு, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலுக்கடியில் 8.6 அளவில் பூமி அதிர்ந்தது. சென்னையில் அலுவலகங்களில் இருந்தவர்களும் மாடிக் குடியிருப்புகளில் இருந்தவர்களும் படியிறங்கித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். மெரினாவில் நின்றவர்களைக் காவல்துறையினர் அப்புறப்படுத்தினார்கள். நாகப்பட்டினம் பக்கத்துக் கரையோர மக்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வயதானவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நகர்ந்தார்கள். மாலை 4 மணி 13 நிமிடத்திற்கு மறுபடியும் ஒரு நிலநடுக்கம், 8.2 அளவில். மாலை ஆறு மணிக்கு மேல் எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. நம் கரைகளில் கடல் உயர்ந்தது சென்டிமீட்டர் கணக்கில்தான்.

அதற்குப் பிறகு எழுந்த பேச்சு நமக்கெல்லாம் பழக்கமானதுதான். "ஒன்றும் வரவில்லையே! எதற்காக இத்தனை பேரை ஓட வைத்தார்கள்?"

அன்பார்ந்த இறைமக்களே, அதியமான்கோட்டையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஓர் இரவு முழுக்கப் பேருந்தில் போக வேண்டும். கடலே இல்லாத ஊரில் சுனாமி எச்சரிக்கையைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு, அதாவது வராத அலைக்கு ஏன் ஓட வேண்டும் என்ற கேள்விக்கு, நாம் சரியான பதிலைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தமிழகக் கரை பல முறை பயந்து ஓடியிருக்கிறது. அந்த ஓட்டங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல.

பேரழிவு நடந்து நான்கே நாளில், டிசம்பர் 30 வியாழனன்று, மீண்டும் சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகத்திலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. இறந்தவர்களை இன்னும் புதைத்து முடிக்கவில்லை. நாகப்பட்டினத்தில் மக்கள் கதறிக்கொண்டு ஓடினார்கள். நிவாரணப் பணிகள் நின்றுபோயின. விசாரித்தால், நிலநடுக்கம் எதுவும் அப்போது நடந்திருக்கவில்லை. நிலநடுக்கம் வரப்போகிறது என்று அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் சொன்ன கணிப்பை நம்பி அனுப்பப்பட்ட தகவல் அது. அறிவியல் துறை அமைச்சராக இருந்த கபில் சிபல் அதே நாளில் அதை ஆதாரமற்றது என்று ஒதுக்கினார். நிலநடுக்கத்தை நாள் குறித்து முன்கூட்டிச் சொல்லும் வித்தை இன்றைக்கும் உலகத்தில் யாரிடமும் இல்லை. டிசம்பர் மாதம் பிறந்தாலே வாட்ஸ்அப்பில் வந்து விழும் செய்திகளும் இந்த ரகம்தான், படித்தவுடன் அழித்துவிடுங்கள்.

2005 மார்ச் 28 நடந்தது வேறு. அதுவும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள். (விழாவுக்கு மறுநாளெல்லாம் ஆபத்து என்று இதற்கு யாரும் கணக்குப் போட வேண்டாம்! பூமிக்குள் நடப்பதற்குத் திருவழிபாட்டு நாட்காட்டி தெரியாது.) இரவு 9.39க்கு இந்தோனேசியாவின் நியாஸ் தீவருகே 8.6 அளவில் உண்மையாகவே பூமி அதிர்ந்தது. நியாஸ் தீவில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அங்கும் அருகிலுள்ள தீவுகளிலும் கட்டடங்கள் இடிந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் மடிந்தார்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் கரையோர மக்கள் அந்த இருட்டில் எழுந்து ஓடினார்கள். நம் கரைக்குப் பெரிய அலை வரவில்லை. ஆனாலும் அந்த ஓட்டத்திற்கு விலை இருந்தது. இலங்கையில் வெளியேறும் பதற்றத்தில் மட்டும் சுமார் 10 பேர் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அலை வருமா வராதா என்று கடலுக்குள் அளந்து சொல்லக்கூடிய கருவி எதுவும் அன்றைக்கு இந்தியப் பெருங்கடலில் நமக்கு இல்லை. அதனால் எப்போது திரும்பலாம் என்று உறுதியாகச் சொல்லவும் ஆளில்லை.

2012இல் ஆள் இருந்தது. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபர் 15 முதல் சுனாமி முன்னெச்சரிக்கைப் பிரிவு இயங்கி வருகிறது. நிலநடுக்கம் நடந்த சில நிமிடங்களில் அது எங்கே, எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள். அன்று அவர்கள் எல்லாக் கரைகளையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. மக்களை வெளியேற்றவேண்டிய உச்ச நிலை எச்சரிக்கை நிக்கோபார் தீவுகளின் சில பகுதிகளுக்குத்தான். மற்ற கரைகளுக்கு அதற்குக் கீழான நிலைகள். கடற்கரைக்குப் போகாதீர்கள், அடுத்த அறிவிப்புக்குக் காத்திருங்கள் என்ற அளவில். மக்கள் அதையும் தாண்டி நகர்ந்தார்கள் என்றால் அது 2004 சொல்லிக்கொடுத்த பாடம். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

அவ்வளவு பெரிய நிலநடுக்கத்தில் ஏன் அலை எழவில்லை? தண்ணீர் நிறைந்த அண்டாவின் அடியில் கையை வைத்துப் பக்கவாட்டில் இழுத்தால் மேலே பெரிதாக எதுவும் தெரியாது. அதே கையை வெடுக்கென்று மேலே தூக்கினால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழியும். 2004இல் கடலடித் தரை மேலே எழும்பியது. 2012இல் பாறைத் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. இரண்டுமே பயங்கரமான அதிர்வுகள்தான். ஆனால் எந்த வகை அசைவு என்பது முதல் சில நிமிடங்களில் உறுதியாகத் தெரியாது. கடலடியில் வைத்த அழுத்தமானிகளும் துறைமுகங்களிலுள்ள நீர்மட்டமானிகளும் சொன்னால்தான் முழு உண்மை தெரியும். அதுவரை காத்திருந்துவிட்டுச் சொன்னால் அது எச்சரிக்கை ஆகாது. செய்தி வாசிப்பு ஆகிவிடும்!

நம் மாவட்டத்து மக்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. ஒகேனக்கல்லை நினைத்துப் பாருங்கள். இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். ஒரு சொட்டு மழை இருக்காது. கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி உபரிநீரைத் திறந்திருப்பார்கள். பிலிகுண்டுலுவில் அளவெடுப்பார்கள். மாவட்ட நிர்வாகம் அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடும். குடும்பத்தோடு வந்தவர்கள், "ஆறு நன்றாகத்தானே போகிறது" என்று முணுமுணுப்பார்கள். பரிசல்காரருக்கு அன்றைய கூலி போச்சு. அவருக்கும் வருத்தம்தான், ஆனால் அவர் முணுமுணுப்பதில்லை. மேலே திறந்த தண்ணீர் கீழே வந்து சேர நேரமாகும் என்று அவருக்குத் தெரியும்.

2004இல் அந்த நேரம் நமக்குக் கிடைத்தது என்பதுதான் கொடுமை. சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6 மணி 28 நிமிடத்திற்கு. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 6,000 பேர் நாகை மாவட்டத்தில் மட்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். நிலநடுக்கம் நடந்த இடத்திற்கு மிக அருகிலேயே சிமெலுவே என்றொரு தீவு. 70,000 பேருக்கு மேல் வாழும் இடம். அலை வர அவர்களுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். இறந்தவர்கள் 7 பேர் என்றே பதிவு. 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்து பலரைக் கொன்றது. அதைப் பாட்டன் பாட்டிமார் 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்: தரை பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு. கருவியும் இல்லை, தொலைபேசியும் இல்லை. தொண்ணூற்றேழு ஆண்டுகள் வாயால் காத்த ஒரு சொல்!

இனி, நம் விசுவாசத்தைத் தொடும் இடத்திற்கு வருகிறேன். அந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, திருக்குடும்ப விழா. வழிபாட்டு ஆண்டின் கணக்கில் அது முதலாம் ஆண்டு. அன்று உலகெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி எது தெரியுமா? மத்தேயு இரண்டாம் அதிகாரம். சூசையப்பர் கனவில் எச்சரிக்கை பெற்று, இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய பகுதி. அந்த ஞாயிறுக்கு வழக்கமாகக் குடும்ப ஒற்றுமை பற்றித்தான் மறையுரை இருக்கும். ஆனால் அந்த வாசகத்தை அந்த நாளோடு வைத்துப் படிக்கும்போது இரண்டு விவரங்கள் கண்ணில் படுகின்றன. சூசையப்பர் ஏரோதின் படைவீரர்கள் தெருமுனையில் தெரியட்டும் என்று காத்திருக்கவில்லை. விடியட்டும் என்றுகூட இருக்கவில்லை. அடுத்தது, திரும்பி வரச் சொல்லி மறு செய்தி வரும்வரை அவர் எகிப்திலேயே இருந்தார். இந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. சுனாமியில் முதல் அலைதான் பெரியது என்று விதி கிடையாது. முதல் அலை வடிந்ததும் பொருளை எடுக்க, படகைப் பார்க்கத் திரும்பியவர்கள் பின்னால் வந்த அலையில் போயிருக்கிறார்கள்.

வேளாங்கண்ணி நமக்கெல்லாம் தாய்வீடு. அன்று கடல் நீர் பேராலயத்திற்குள் புகவில்லை. உள்ளே இருந்தவர்கள் மாதாவுக்கு நன்றி சொன்னார்கள். சொல்லட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளும் கடை வைத்திருந்தவர்களும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்களே. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற பேச்சை ஆண்டவர் ஏற்கவில்லை. "மாதா பார்த்துக்கொள்வாள்" என்று எச்சரிக்கை நேரத்தில் கரையிலேயே நிற்பதைப் பக்தி என்று என்னால் சொல்ல முடியாது. அந்தத் தாயே கைக்குழந்தையோடு இரவில் ஓடியவள்தானே?

முன்னால் பின்னர் சொல்கிறேன் என்ற காரணம் இதுதான். கடலோரத்துப் பிள்ளைகளுக்குக் கடல் தெரியும். 2004க்குப் பிறகு அவர்களுக்கு ஒத்திகைகள் நடக்கின்றன. எந்தச் சாலையில் ஓடினால் மேடு வரும் என்று தெரியும். கடலில் இருக்கும் மீனவர் எச்சரிக்கை வந்தால் கரைக்குத் திரும்பாமல் ஆழத்திற்குப் போக வேண்டும் என்பதும் தெரியும். ஆழ்கடலில் சுனாமி படகுக்கடியில் சத்தமில்லாமல் கடந்து போய்விடும். எந்த ஒத்திகைப் பட்டியலிலும் இல்லாதவர்கள் நம்மைப் போன்ற உள்நாட்டுக்காரர்கள்தான். வருடத்திற்கு ஒரு நாள் கடலைப் பார்ப்பவர்கள். கடல் உள்வாங்கினால், "அடடா, சிப்பி பொறுக்கலாம்" என்று உள்ளே நடக்கக்கூடியவர்கள்!

2025 ஜூலை 5 அன்று ஜப்பானில் பேரழிவு வரும் என்று ஒரு சித்திரக்கதையை நம்பிப் பலர் பயணத்தையே ரத்து செய்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அதே மாதம் 30ஆம் தேதி ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 அளவில் பூமி அதிர்ந்தபோது, ஜப்பானில் ஏறத்தாழ 20 லட்சம் பேரை மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். அங்கு வந்தது ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய அலை. ஜப்பானியர் 2011ஐ மறக்கவில்லை. வராத அலைக்கு ஏறி நின்றதை யாரும் அவமானமாக நினைக்கவில்லை.

ஆகவே வரும் செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கு வண்டி அமர்த்தும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியில் ஏறியவர்களின் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய தாள் ஒன்று உங்களிடமும் ஒன்று பங்கு அலுவலகத்திலும் இருக்கட்டும். கடல் கிழக்கே, ஓடவேண்டியது மேற்கே. ஓட முடியாத முதியவர்களை உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல் மாடிக்கு ஏற்றுங்கள். தரை பலமாக ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, போலீஸ் மைக்கில் சொன்னாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் புறப்பட வேண்டும். அதிகாரிகள் திரும்பலாம் என்று சொல்லும்வரை யாரும் கரைக்குப் போகக் கூடாது. கூடும் இடத்தை முன்பே முடிவு செய்யுங்கள். "கோவில் வாசல்" என்று சொன்னால் போதாது, அங்கே எத்தனை வாசல்!

வண்டி தொப்பூர் கணவாய் இறங்குவதற்குள் இவ்வளவையும் சொல்லி முடித்துவிடலாம். செபமாலையை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.