பெட்டியும் சாட்சிதான்

'மாயவித்தை ஒன்றுதானே, அட்டைப்பெட்டியின் நிறம் மாறியதற்காக அதையே மறுபடி வாங்குவது பித்து' என்கிறார்கள். மேடையில் நிற்பவருக்கு இது பொருந்தும், சேகரிப்பவருக்குப் பொருந்தாது. பந்தும் கிண்ணமும் தம் வயதைச் சொல்வதில்லை, பெட்டி சொல்லும். மாயவித்தைப் பெட்டிகள் விற்க ஏ.சி. கில்பர்ட் 1909-இல் தொடங்கிய மிஸ்டோ நிறுவனம் 1916-இல் அவர் பெயருக்கே மாறியது; மூடியில் எந்தப் பெயர் என்பதே காலக்கணக்கின் முதல் படி. முகவரியில் ஜிப் எனும் அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அந்த அமெரிக்கப் பெட்டி 1963-க்கு முந்தியதாக இருக்க முடியாது. பழைய பெட்டிகளைத் தீரும்வரை பயன்படுத்தியிருப்பார்களே என்று கேட்கலாம். நியாயம்தான், ஆனால் அது பிந்திய எல்லையைத்தான் குலைக்கும், முந்திய எல்லை அப்படியே நிற்கும். பளபளப்புக்காக மட்டும் ஏலத்தில் விலையேற்றுவோருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களைக் காட்டிப் பெட்டியைக் குப்பைக்கு அனுப்பிவிட்டால், உள்ளே இருந்த கிண்ணத்தின் ஆண்டைப் பிறகு யாரிடம் கேட்பது?