அளந்து பார்த்து வாங்குங்கள்



எங்கள் பள்ளியில் தீபாவளி விருந்து நடந்தது. எல்லாப் பிள்ளைகளும் புத்தாடையில் வந்தார்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் சீருடையில் வந்து மூலையில் நின்றாள். விசாரித்தேன். கைப்பேசியில் வாங்கிய பாவாடை சட்டை தோளில் ஏறவில்லையாம். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே அவள் தாயார் 'பொருள் கிடைத்துவிட்டது' என்ற பொத்தானை அழுத்திவிட்டாராம். விற்றவர் மாற்றித் தர மறுத்துவிட்டார்.

நம் சிறு வயதில் சம்பளம் போட்டால் துணிக்காரர் சைக்கிளில் மூட்டையோடு லயத்துக்கு வருவார். துணியைத் தொட்டுப் பார்ப்போம், பிள்ளையின் தோளில் வைத்து அளப்போம். குறை இருந்தால் அடுத்த மாதம் அவரிடமே கேட்கலாம். இப்போது கடை மறுபடியும் வீட்டுக்கு வந்திருக்கிறது. 2012இல் லசாடாவும் 2015இல் ஷாப்பியும் நம் நாட்டில் கடை விரித்தன. பட்டணம் போய்வரும் செலவு மிச்சம்தான். ஆனால் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாதே! ஆகவே சிலவற்றை மனத்தில் வையுங்கள்.

'எம்', 'எல்' என்ற எழுத்தை நம்பாதீர்கள். அது கடைக்குக் கடை மாறும். பிள்ளைக்குச் சரியாக இருக்கும் சட்டையைத் தரையில் விரித்து, மார்பு, தோள், நீளம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். கடையின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே வாங்கினால் மாற்றுவதற்கு நாள் இருக்கும்.

பொட்டலம் வந்ததும் அதைப் பிரிப்பதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். போட்டுப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். அதுவரை உங்கள் பணம் தளத்தின் கையில் இருக்கும். அழுத்தினால் விற்றவர் கைக்குப் போய்விடும். குறை இருந்தால் கெடு முடியும் முன்பே தளத்தில் புகார் செய்யுங்கள்.

'பிறகு கட்டலாம்' என்பதும் கடன்தான். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் சேமநிதிக்கு 187 வெள்ளி போய்விடும். மாதம் 25 வெள்ளிதானே என்று நான்கு துணி எடுத்தால், மாதம் 100 வெள்ளி தவணைக்கே போகும். 11.11, 12.12 மலிவு விற்பனை நாள்களில் கை சும்மா இருக்காது. வேண்டியதை முதலில் தாளில் எழுதிவிட்டுக் கைப்பேசியைத் திறங்கள்.

ஏமாந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டியதில்லை. ரசீதும் படமும் குறுஞ்செய்திகளும் சாட்சி. ஆனால், விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் அவரைப் பிடிப்பது சிரமம். பொருள் எங்கிருந்து வருகிறது என்று முன்பே பாருங்கள்.

துணிக்காரரிடம் பேரம் பேசிய நம் பாட்டிமார் பலருக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. ஆனாலும் அளக்காமல் ஒரு முழத் துணி வாங்கியதில்லை. அடுத்த தீபாவளிக்கு எந்தப் பிள்ளையும் மூலையில் நிற்க வேண்டாம். இன்றிரவே ஒரு சட்டையை விரித்து அளந்து வையுங்கள்.